கம்ப்ரசர் ஓடும்போது சொன்னது

ஜூன் 9, திங்கள்

டிராயிங் இன்றைக்குத்தான் வந்தது. பதினோரு வாரக் காத்திருப்பு. குப்புராஜ் மாமா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்து மயிலாத்தா அக்கா, "கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இத்தனை மரியாதை இல்லீங்க மொதலாளி" என்றாள். மாமா சிரிக்கவில்லை.

மாமாவின் பட்டறை கணபதி என்கிற ஊரில் இருக்கிறது. போன வருடம் வரை பம்பு மூடிதான் செய்துகொண்டிருந்தோம். இப்போது ஒரு போர் விமானத்துக்குச் சாமான். நான்கு நாடுகள் சேர்ந்து, சின்ன நாடுகளும் வாங்கக்கூடிய மாதிரி, விலை குறைந்த சிறிய விமானம் ஒன்று செய்கின்றன. செலவு குறையட்டும் என்று பெரிய தொழிற்சாலைக்குக் கொடுக்காமல் எங்களைப் போன்ற சிறு பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். எங்களுக்கு வந்தது இடது இறக்கைக்கான ஒரு கீல். உள்ளங்கையளவு இருக்கும். மொத்தம் ஆறு. வலது இறக்கைக் கீல் வேறொரு நாட்டுக்காரர்கள் வேலை.

இந்த ஆறும் தேறினால் பட்டறை பெயர் பட்டியலில் ஏறும். வருடக்கணக்கில் வேலை வரும். தேறாவிட்டால் பழையபடி பம்பு மூடி. பம்பு மூடியை அளக்கத் தனி ஆள் வேண்டாம். அளக்கும் ஆள் நான்தான்.

டைரி மாமா கொடுத்தது. பேரிங் கடைக்காரர் இனாமாகத் தந்ததாம். என் பெயர் மோனிஷா, வயது பதினேழு. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். பள்ளிக்கூடம் தூரம்.

ஜூன் 11, புதன்

தாள் வந்ததே தவிர, கம்ப்யூட்டரில் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாடல் வரவில்லை. அது ராணுவ சம்பந்தமானது என்பதால் எல்லை தாண்டி அனுப்ப அனுமதி வேண்டுமாம். தாளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது, மாடலுக்குக் கிடைக்கவில்லை. ஒரே சாமானுக்கு இரண்டு அனுமதி ஏன் என்று மாமா பெங்களூருக்குப் போன் போட்டுக் கேட்டார். அங்கே தர அதிகாரி வீணா மேடம். "எனக்கும் அதே கேள்விதான் சார்" என்றாராம்.

விமானத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நான்கு நாடும் நான்கு பெயர் சொல்கின்றன. காகிதத்தில் வெறுமனே 'விமானம்' என்றுதான் இருக்கிறது.

புரோகிராம் போடுகிற தேவசகாயம் அண்ணன் தாளைப் பார்த்தே கம்ப்யூட்டரில் வரைய ஆரம்பித்துவிட்டார். "இருபத்திரண்டு வருசமா தாளைப் பாத்துத்தான் பண்றேன். மாடல் வந்தா என்ன, வராட்டி என்ன" என்றார்.

ஜூன் 12, வியாழன்

பழைய டிராயிங்குகளை உறையில் போட்டு அடுக்கும் வேலை என்னுடையது. எட்டு மாதத்தில் ஐந்நூறு டிராயிங்காவது அடுக்கியிருப்பேன். எல்லாவற்றிலும் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் குறி இருக்கும். படுக்கவைத்த டம்ளர் ஒன்று, அதன் பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம். டம்ளர் இடப்பக்கம், வட்டம் வலப்பக்கம்.

விமான டிராயிங்கில் வட்டம் இடப்பக்கம் இருக்கிறது. டம்ளர் வலப்பக்கம்.

அலமாரியில் ஒரு பழைய புத்தகம் கிடந்தது. அதில் தேடினேன். ஒரு சாமானைத் தாளில் வரையும்போது மேலிருந்து பார்ப்பதை நம் ஆட்கள் கீழே வரைவார்கள். சில நாடுகளில் மேலேயே வரைவார்கள். எந்த முறை என்று சொல்வதுதான் அந்த டம்ளர். மாற்றிப் படித்தால் அளவு ஒன்றும் தப்பாது. சாமான்தான் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிவிடும். இடது வலதாகிவிடும்.

தேவசகாயம் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். தலையாட்டினார்.

ஜூன் 13, வெள்ளி

முதல் அலுமினியக் கட்டையை மெஷினில் ஏற்றினார்கள். சூடம் காட்டினார் மாமா. அண்ணன் கிறிஸ்தவர். ஆனாலும் அவர்தான் தீப்பெட்டி கொடுத்தார்.

ஜூன் 18, புதன்

அலுமினியக் கட்டை வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஒவ்வொன்றுக்கும் பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஒரு காகிதம் உண்டு. மொத்தம் ஏழு கட்டை. ஆறு வேலைக்கு, ஒன்று உபரி. உபரியை மாமா பூட்டி வைத்து, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். "பொண்டாட்டி நகைக்குக்கூட இவரு இப்படிப் பூட்டல" என்று மயிலாத்தா அக்கா என் காதில் சொன்னாள்.

அக்காவுக்குப் பிசிறு எடுக்கும் வேலை. மெஷினிலிருந்து இறங்கியதும் ஓரங்களில் நிற்கும் கூர்மையை அரத்தால் தேய்த்து எடுப்பாள். விரலை ஓட்டியே எங்கே பிசிறு என்று கண்டுபிடித்துவிடுவாள்.

டிராயிங்கில் மறைந்த ஓரங்களைக் காட்டும் புள்ளிக்கோடு இரண்டு இடத்தில் பொருந்தவில்லை என்று அண்ணன் முணுமுணுத்தார். "வெளிநாட்டுக்காரன் வரையறதே இப்புடித்தான்" என்று மாமாவிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. நான் மைக்ரோமீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன்.

இரவுச் சாப்பாட்டில் அம்மா கேட்டாள்: "அந்த ஏரோப்ளேன் ஆளைக் கொல்றதாடி?"

"கீல்தான்மா செய்றோம்."

"கதவுக் கீலா?"

"இறக்கைக் கீல்."

அம்மா லேடீஸ் ஹாஸ்டலில் சமைக்கிறாள். தட்டைக் கழுவிக்கொண்டே, "அது தேறலைன்னா எங்கூட வந்துரு. வெங்காயம் உரிக்க ஆளில்ல" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

மூன்று கீல் முடிந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் நூற்றுப் பதினான்கு அளவு. எல்லாம் சரி. ஒன்றுகூட வரம்புக்கு வெளியே போகவில்லை. அண்ணனுக்கு அவ்வளவு கைத்திறமை. மாமா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என் தலையைத் தட்டினார். "பாத்தியா அம்மணி, தங்கமாட்டம் வந்துருக்குது."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு அளவாவது தப்பாக இருந்தால் எல்லோரும் ஒருமுறை டிராயிங்கைத் திரும்பப் பார்த்திருப்பார்கள்.

ஜூன் 25, புதன்

இரண்டு துணிச் சோப்பு வாங்கினேன். டிராயிங்கை மனதில் வைத்துக்கொண்டு கத்தியால் செதுக்கினேன். ஒன்று டம்ளர் சொல்கிறபடி, இன்னொன்று அண்ணன் படித்தபடி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு ஜோடிச் செருப்பு மாதிரி இருக்கிறது. எத்தனை திருப்பினாலும் ஒன்று மற்றொன்றாக ஆகவில்லை.

ஆக, சந்தேகமே இல்லை.

அம்மா, "சோப்பு சும்மாவா வருது?" என்று கத்தினாள். சீவல்களைக் கூட்டி எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

ஜூன் 27, வெள்ளி

ஜூலை நான்காம் தேதி வீணா மேடம் வருகிறார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு ஆறையும் எடுத்துப்போவார். அன்றைக்கே விமானத்தில் கொரியாவுக்கு அனுப்புவார்கள். அங்கேதான் இறக்கை பூட்டுகிறார்கள். மற்ற மூன்று நாட்டு ஆட்களும் அங்கே வந்து நிற்பார்களாம். நான்கு நாட்டுக்காரர்கள் முன்னால் எங்கள் கீலை எடுத்து இறக்கையில் வைப்பார்கள். பொருந்தாது. அதற்குப் பிறகு கணபதி என்ற பெயரையே எந்தப் பட்டியலிலும் எழுதமாட்டார்கள்.

பன்னிரண்டாம் தேதியே சொன்னேன். கேட்டிருக்க வேண்டும்.

அன்றைக்குக் காற்றடைக்கும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது உண்மை. என் மேசைக்கும் அண்ணன் மேசைக்கும் நடுவே இருக்கிறது அது. ஐந்து நிமிடம் ஓடும், மூன்று நிமிடம் நிற்கும். ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது.

ஓட ஆரம்பித்த பிறகுதான் நான் எழுந்து போனேன்.

ஜூலை 1, செவ்வாய்

ஒரு சீட்டில் எழுதினேன்: 'அண்ணா, மூலையில் உள்ள குறியைப் பாருங்கள். டம்ளர் இடம் மாறியிருக்கிறது.' அதை அண்ணனின் கீபோர்டின் அடியில் செருகினேன். டீ குடிக்கப் போனேன். 'டம்ளர்' என்று எழுதியதை நினைத்ததும் உடம்பு கூசியது. படிக்காத பெண் என்று நினைப்பார். ஓடிப்போய்ச் சீட்டை எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் வீடு திரும்பும்போது பள்ளிக்கூடத்து நிறுத்தத்தில் என்னோடு படித்த பெண்கள் ஏறினார்கள். இப்போது பன்னிரண்டாவது. தினமும் அதே பஸ் பள்ளிக்கூட வாசலில் நின்றுதான் பட்டறைக்கு வருகிறது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள் ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். படித்தேன். "யாருக்காவது கேட்டதா?" என்றார் டீச்சர். வகுப்பு முழுக்க "இல்லை" என்றது. மறுபடி படித்தேன். மறுபடி "இல்லை". ஐந்தாவது தடவைக்குப் பிறகு சத்தமே வரவில்லை. அடுத்த நாள் காய்ச்சல் என்றேன். அதற்கு அடுத்த நாளும்.

ஜூலை 2, புதன்

இரண்டு சோப்பையும் அண்ணன் மேசையில், டிராயிங்கின் மேலேயே வைத்தேன். பார்த்ததும் புரியும். பேசவே வேண்டாம்.

மதியம் குழாயடியில் அண்ணன் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். "யாரோ புண்ணியவான் சோப்பு வெச்சுருக்கான். கிரீஸ் பாங்கா போகுது" என்றார். கையில் இருந்தது அவர் படித்தபடி செதுக்கிய சோப்பு.

மற்றதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் அழுகை வந்தது. துக்கமாக இல்லை. கோபமாக இருந்தது. யார் மேல் என்று எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

இரவு பத்து மணி. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

வீணா மேடம் காலையில் வந்தார். நாற்பது வயது இருக்கும், கன்னடம் கலந்த தமிழ். கொரியாவிலிருந்து ஹான் என்ற எஞ்சினியர் வருவதாக இருந்தது. விசா வரவில்லை. அதனால் லேப்டாப்பில் வந்தார். இங்கே கேட்டால் அங்கே போய்ச் சேர நாலு நொடி ஆகிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவதும், ஒரே நேரத்தில் நிறுத்திக் காத்திருப்பதுமாகவே அரை மணி போயிற்று.

ஆறு கீலும் வெல்வெட் துணியில். மேடம் ஒவ்வொன்றாக எடுத்து ரிப்போர்ட்டோடு பார்த்தார். "ரொம்ப சுத்தம் சார். மத்த நாட்டு பீஸ்கூட இப்படி இல்லை" என்றார். மாமாவுக்கு நெஞ்சு விரிந்தது. தேவசகாயம் அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். மயிலாத்தா அக்கா தட்டில் லட்டு கொண்டுவந்தாள்.

"அளந்தது யாரு?"

மாமா என்னை முன்னால் தள்ளினார். "நம்ம புள்ளைதானுங்க மேடம். வாயே தொறக்க மாட்டா. ஆனா கண்ணு மைக்ரான்."

"இங்கே சைன் பண்ணு மா."

மேடம் பேனாவை நீட்டினார். 'இடது கீல், ஆறு எண்ணம், அளந்தவர்' என்று அச்சடித்திருந்தது. எல்லா அளவும் நான் அளந்தவைதான். பொய் இல்லை. 'இடது' என்ற ஒரு சொல்தான்.

கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது.

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். திறந்தபோதே தெரிந்தது, இப்போது சொன்னால் யாருக்கும் கேட்காது, எனக்கு மட்டும் சொன்னதாக இருக்கும். பேனாவை மேசையில் வைத்தேன். நடந்து போய்ச் சுவிட்சை அணைத்தேன்.

பட்டறையில் இப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லேப்டாப்பில் ஹான்கூட.

"இது இடதில்லைங்க" என்றேன். "வலது."

"என்னது?" என்றார் மாமா.

"டிராயிங் மூலையில இருக்கிற குறி வேற மாதிரிங்க மாமா. மேல வரைஞ்சது மேலிருந்து பாக்கறது. நாம கீழிருந்துன்னு படிச்சுட்டோம்." பையிலிருந்து சோப்பை எடுத்து ஒரு கீலின் பக்கத்தில் வைத்தேன். "இதுதாங்க இடது."

அண்ணன் முகம் சிவந்தது. "கழுவற சோப்பக் கொண்டாந்து வெச்சுட்டு எனக்குப் பாடம் எடுக்கறியா? இருபத்திரண்டு வருசமா..." என்று ஆரம்பித்தவர் டிராயிங்கைக் கையில் எடுத்தார். மூலையைப் பார்த்தார். பொருந்தாத புள்ளிக்கோடு இரண்டையும் விரலால் தொட்டார்.

மேடம் ஒரு கீலையும் சோப்பையும் கேமரா முன் பிடித்தார். நாலு நொடி. இன்னும் நாலு நொடி. ஹான் சோப்பைத்தான் காட்டினார்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மெல்ல, "அப்ப, வலதுன்னு நம்பர் போட்டுக் குடுத்தர்லாங்களா மேடம்?" என்றார்.

"வலது பக்கம் வேற நாட்டுக்குப் போயாச்சு சார். அதை நீங்க செஞ்சா பெரிய ஜகள, சண்டை ஆகும். விமானம் பறக்கறதுக்கு முன்னாடியே யுத்தம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மேடமும் சிரிக்கவில்லை.

ஆறும் ரிஜெக்ட். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டது நான்தான், அதுவும் அளப்பவர் வேலை. மேடம் கிளம்பும்போது சொன்னார்: "ஒரு கட்டை மிச்சம் இருக்குல்ல? பதினாறாம் தேதிக்குள்ள ஒரு பீஸ் சரியா கொடுங்க. நான் ஹானிடம் பேசறேன். அங்கே போய்த் தெரிஞ்சிருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் கார் தெரு திரும்பியதும் அண்ணன் என்னிடம் வந்தார். "எப்பத் தெரியும் உனக்கு?"

"பன்னிரண்டாந்தேதி."

"மூணு வாரம்! ஆறு கட்டை! வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"சொன்னேன்ணா. கம்ப்ரசர் ஓடும்போது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

லட்டு அப்படியே இருக்கிறது. அக்கா கட்டிக் கொடுத்து அனுப்பினாள். அம்மா, "தேறிருச்சா?" என்றாள். "லட்டு நல்லாருக்கும்மா" என்றேன்.

ஜூலை 7, திங்கள்

மாமா அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். அண்ணன் தன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டார்.

"என் கண்ணை இனி நான் நம்பல. நீ டிராயிங்கைப் பாத்துப் படி. நான் போடறேன். காது கேக்கப் படி."

நூற்றுப் பதினான்கு அளவு. ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்திலிருந்து, எந்த ஓரத்திலிருந்து என்று சொல்ல வேண்டும்.

"முதல் துளை..." என்றேன்.

"கேக்கல."

"முதல் துளை, இடது ஓரத்திலிருந்து..."

"கேக்கல."

அந்த வகுப்பு நினைவுக்கு வந்தது. எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. பஸ் இருக்கிறது. அம்மாவுக்கு வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும்.

"கேக்கலைன்னு சும்மா சொல்லல அம்மணி" என்றார் அண்ணன். "நெசமாவே கேக்கல. இத்தன வருசம் மெஷினுக்குப் பக்கத்துல நின்னு இந்தக் காது போச்சு. இந்தப் பக்கம் வந்து உக்காரு."

ஸ்டூலை மறுபக்கம் போட்டேன். பன்னிரண்டாம் தேதி நான் நின்றது எந்தப் பக்கம் என்று யோசித்தேன். நினைவில்லை.

இன்று நாற்பத்தொன்று முடிந்தது.

ஜூலை 8, செவ்வாய்

எழுபத்தெட்டு. தொண்டை கட்டிவிட்டது. அக்கா சுக்குக் காப்பி போட்டாள். "ரெண்டு நாளாப் பேசறா, அதுக்குள்ள தொண்டைக்கு வேலை வெச்சுட்டா" என்கிறாள்.

ஜூலை 9, புதன்

நூற்றுப் பதினான்கு. நடுவில் ஒரு இடத்தில் அண்ணன் தப்பாகப் போட்டார். "இல்லை" என்றேன். சத்தமாகத்தான் வந்தது. மாமா திரும்பிப் பார்த்தார்.

ஜூலை 14, திங்கள்

கீல் இறங்கியது. பிசிறு எடுத்தாயிற்று. அளந்தேன். சரி. ஆறு நன்றாக வந்தபோதும் இப்படித்தான் எல்லாம் சரியாக இருந்தது. அதனால் பைக்குள் இருந்த சோப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒரே பக்கம் திரும்பியிருந்தன.

நாலு மணிக்கு ஒரு மெயில். மாடல் அனுப்ப அனுமதி கிடைத்துவிட்டதாம். கூடவே மாடலும் வந்தது.

அண்ணன் அதைத் திறந்து, கம்ப்யூட்டரில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மூடிவிட்டு வெளியே போய்ப் பீடி பற்றவைத்தார். இந்த எட்டு மாதத்தில் அவர் பீடி பிடித்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 16, புதன்

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். கீல் போய்விட்டது.

ஜூலை 23, புதன்

வீணா மேடத்தின் போன். கீல் இறக்கையில் பொருந்திவிட்டது. பட்டறை பெயர் பட்டியலில் ஏறுகிறது. ஆனால் ஆர்டர் இப்போது இல்லை. நான்கு நாட்டுக் கூட்டம் மூன்று மாதம் தள்ளிப்போய்விட்டது. விமானத்துக்குப் பெயர் முடிவாகாததால் யாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்களாம்.

"எதோ ஒரு பேரு வெச்சுத் தொலைங்களேன்" என்றார் மாமா போனில். வைத்தபிறகு, "அதுவரைக்கும் பம்பு மூடி" என்றார். என்னைப் பார்த்து, "அதையும் அளந்துதான் அனுப்பறோம் இனிமே" என்றார்.

மதியம் போனால் கம்ப்ரசர் சுவிட்சுக்கு மேலே ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. அண்ணன் கையெழுத்து. 'மோனிஷா பேசும்போது அணைக்கவும்.' எல்லோரும் படித்துப் படித்துச் சிரித்தார்கள். முகமெல்லாம் சூடாகிவிட்டது. கிழித்துப் போடத்தான் போனேன்.

அப்போது கையில் ஒரு பம்பு மூடி இருந்தது. துளை கொஞ்சம் விலகியிருந்தது. பம்பு மூடிதானே, யாரும் கேட்க மாட்டார்கள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

சுவிட்சை அணைத்தேன்.

"அண்ணா" என்றேன்.